பூஜ்யம் போட்ட சட்டை

மனிதகுலம் கண்டெடுத்த நம்பிக்கைகளிலேயே மிகத் தூய்மையானது பிப்ரவரி மாதத்து பேஸ்பால் நம்பிக்கை. வடக்கே ஏரிகள் உறைந்து கிடக்கும்போது, தெற்கே ஃபுளோரிடாவின் பச்சைப் புல்வெளியில் ஆண்டின் முதல் பந்து கையுறைக்குள் விழும். அந்தச் சத்தத்தில் போன வருஷத்துத் தோல்விகள் அத்தனையும் அழிந்துபோகும். எல்லா அணிகளும் சமமாகும். பிப்ரவரியில் எந்த அணியும் தோற்றதில்லை.

போர்ட் வால்டன் படகோட்டிகள் தோற்றிருக்கிறார்கள். போன பிப்ரவரியில், பயிற்சி முகாமுக்குப் பக்கத்திலிருக்கும் பல் மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம்.

அந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தை எறிந்தவன் லோனி பிரசெக். முப்பத்தாறு வயது. பந்து எறியும் முதல் பிட்சரின் கை ஓய்ந்த பிறகு ஏழாவது எட்டாவது சுற்றில் கூப்பிட்டு அனுப்பப்படுகிற பிட்சர். அவன் மைதானத்துக்குள் ஓடி வரும்போது போர்ட் வால்டன் ரசிகர்கள் கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடக்கத் தொடங்குவார்கள். அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. முன்பு இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி.

இந்த வருஷம் புறப்படும்போது மனைவி டார்லாவிடம் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தான். முகாம் முடிவில் அணியில் இடம் கிடைக்காவிட்டால், டேட்டன் நகரத்தில் இருக்கும் மாமனாரின் கார்ப்பெட் கடை. மாமனார் நம்பிக்கை உள்ளவர். லோனியின் பெயர் போட்ட கடை பேட்ஜை ஜனவரியிலேயே செய்து வைத்துவிட்டார்.

முகாமின் முதல் நாள் ஒவ்வோர் ஆட்டக்காரனும் நிருபர்களிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். "என் வாழ்க்கையிலேயே உடம்பு இப்போதான் ரொம்ப நல்லா இருக்கு." முழங்கால் அறுவை முடிந்து ஊன்றுகோலோடு வந்தவனும் அதைச் சொல்வான். சொல்லாவிட்டால் ஏதோ வியாதி என்று செய்தி வந்துவிடும். போர்ட் வால்டன் பத்திரிகையின் நிருபர் கேரல் ஹோக்ஸ்ட்ரா பல வருஷங்களாக இதை எழுதி எழுதி, இப்போதெல்லாம் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

"எப்படி இருக்க லோனி?"

"என் வாழ்க்கையிலேயே இப்போதான்…"

"எழுதிட்டேன். அடுத்த ஆள வரச் சொல்லு."

குளிர்காலம் முழுக்க மாமியார் வீட்டு உருளைக்கிழங்கில் கழித்திருந்த லோனி, பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை ஒன்று போட்டிருந்தான். அதைக் கேரல் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரத்தில் மதிப்பீட்டுக் கூட்டம். வருகிற பருவத்தில் அணியின் வாய்ப்புகள் என்ன என்று ஆராய்ந்து உரிமையாளருக்குச் சொல்வதற்காகவே அணியில் ஒரு துறை இருந்தது. அதன் தலைவர் டாக்டர் பிரெஸ்டன் ஆல்காட். கடல் நீரோட்டங்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். பேஸ்பாலைக் கையில் தொட்டதில்லை என்பதைத் தன் நடுநிலைமைக்குச் சான்றாகச் சொல்வார். வழக்கமாக மூடிய கதவுக்குள் நடக்கும் கூட்டத்தை, வெளிப்படைத்தன்மை கருதி, இந்த முறை சாப்பாட்டுக் கூடத்தில் ஆட்டக்காரர்களையும் உட்கார வைத்து நடத்தினார்கள். முன்வரிசையில் உரிமையாளர் திரு. ஸ்டாட்ஃபர்ட். நீச்சல் குளங்களுக்கு மூடி செய்து விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர்.

"போன வருஷம் நாம நூத்திப் பதினஞ்சு ஆட்டம் தோத்துட்டோம்னு வெளியில பேசிக்கறாங்க," என்று ஆல்காட் தொடங்கினார். "அது பழைய பார்வை. நூத்திப் பதினஞ்சு ஆட்டத்துலயும் கடைசி வரைக்கும் மைதானத்துல நின்ன ரெண்டே அணியில நாமளும் ஒன்னு. தோல்வின்னு ஒன்னு கிடையாது. இன்னும் வந்து சேராத வெற்றின்னு ஒன்னு இருக்கு. அது வரும்போது வாங்கி வைக்க நம்மகிட்ட ஆள் இருக்கணும். அதுக்காகத்தான் என் துறைக்குப் புதுசா ஒன்பது பேர் கேட்டிருக்கேன்."

திரையில் ஒரு படம் விழுந்தது. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள்.

அந்தக் கோடு ஒரு மனிதன். பேஸ்பாலில் எல்லா ஆட்டக்காரர்களையும் அளப்பது அவனை வைத்துத்தான். கீழ்மட்ட லீக்கில் எங்கோ கிடப்பவன், எப்போது கூப்பிட்டாலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்து நிற்பவன், பெரிதாக ஒன்றும் செய்யாதவன், பெரிதாகக் கெடுக்கவும் செய்யாதவன் என்று கணக்குக்காரர்கள் ஒருவனைக் கற்பனை செய்துகொண்டு, அவனுக்கு மாற்றாள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவனுடைய மதிப்பு பூஜ்யம். மற்றவர்கள் அவனுக்கு மேலே அல்லது கீழே. முழு அணியையும் மாற்றாட்களை வைத்தே நிரப்பினால், பருவத்தில் நாற்பத்தெட்டு ஆட்டம் ஜெயிக்கலாம் என்பது கணக்கு. படகோட்டிகள் போன வருஷம் ஜெயித்தது நாற்பத்தேழு.

"இது யாரு?" என்று படத்தின் அடிமூலையில் தனியாகக் கிடந்த புள்ளி ஒன்றைக் காட்டினார் உரிமையாளர்.

"அது நம்ம லோனி பிரசெக். மைனஸ் ஒன்னுக்குக் கொஞ்சம் பக்கத்துல."

"அப்படின்னா?"

ஆல்காட் பண்பானவர். லோனியின் பக்கம் திரும்பித்தான் பதில் சொன்னார். "அதாவது லோனி, நீங்க வராம வீட்லயே இருந்திருந்தா, அணி கிட்டத்தட்ட ஓர் ஆட்டம் கூடுதலா ஜெயிச்சிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்களப் பத்தினது இல்ல. நீங்க இல்லாததப் பத்தினது."

எல்லாரும் லோனியைப் பார்த்தார்கள். அவன் தட்டில் இருந்த முட்டைக்கோஸ் சாலட்டை மென்றுகொண்டிருந்தான். ருசி தெரியவில்லை. அது சாலட்டின் குறையாகவும் இருக்கலாம்.

திரு. ஸ்டாட்ஃபர்ட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருங்க, இருங்க. இந்த மாற்றாள் நம்ம பசங்களவிட நல்லா ஆடுவானா?"

"கணக்குப்படி, ஆமா சார்."

"சம்பளம்?"

"குறைந்தபட்சம்தான்."

"எப்போ கிடைப்பான்?"

"எப்போ கேட்டாலும் கிடைப்பான் சார். அதுதான் அவனோட இலக்கணமே."

"அப்புறம் ஏன்யா இத்தன வருஷமா அவன வாங்காம இருக்கீங்க?"

அப்படி ஒருவன் கிடையாது என்பது உரிமையாளரைத் தவிர அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தத் துறையில் எல்லாருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய வருஷம் அது என்பதும் தெரியும். ஆல்காட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"சார், இந்தக் கேள்விய நீங்க கேக்கற நாளுக்காகத்தான் இந்தத் துறை இத்தன வருஷமா தயாராகிட்டு இருந்துச்சு."

திங்கட்கிழமை மாற்றாளை ஒப்பந்தம் செய்தார்கள். அணியின் பெரிய ஓட்டை பிட்சர்கள் பக்கம் இருந்ததால் அவனைப் பிட்சர் ஆக்கினார்கள். மருத்துவப் பரிசோதனையில் எந்தக் குறையும் காணப்படவில்லை என்று அணியின் மருத்துவர் சான்று கொடுத்தார். அது உண்மைதான். உடைமாற்றும் அறையில் லோனியின் அலமாரிக்கு அடுத்த அலமாரி காலி செய்யப்பட்டது. சீருடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்ஸ் அதில் ஒரு புதுச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டினான். முதுகில் பெயர் இல்லை. எண் பூஜ்யம். அளவை ஆல்காட்டின் துறையே அனுப்பியிருந்தது. லீக்கில் ஆடும் எல்லா ஆட்டக்காரர்களின் உடம்பையும் கூட்டி வகுத்து எடுத்த அளவு.

"மடிப்புக் கலையாம பாத்துக்கணுமாம்," என்றான் ஃபிட்ஸ். "உங்க துண்ட அந்தப் பக்கம் தொங்க விடாதீங்க லோனி. ஈரம் பட்டா என்னத்தான் கேப்பாங்க."

லோனி துண்டை எடுத்துக்கொண்டான்.

கேரல், அணியின் மேலாளர் பட் மெக்கிலிடம் போய், புது ஆள் எப்படி என்று கேட்டாள். எல்லா அணியிலும் மேலாளரை ஆட்டக்காரர்கள் ஸ்கிப் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் நிறையச் சூரியகாந்தி விதையோடு உட்கார்ந்திருந்த ஸ்கிப், தோலைத் துப்பிவிட்டு யோசித்தார். "குறை சொல்ல ஒன்னும் இல்லம்மா. லேட்டா வந்தான்னு ஒரு நாள் சொல்ல முடியாது. குடிக்கிறதில்ல. எதிர்த்துப் பேசறதில்ல." மறுநாள் பத்திரிகையில், மாற்றாள் தன் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த உடற்கட்டோடு முகாமுக்கு வந்திருப்பதாகச் செய்தி வந்தது.

அன்று மாலை ஸ்கிப் லோனியைக் கூப்பிட்டார். "உள்ளத உள்ளபடி சொல்லிடறேன். அணியில இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ஒன்னு நீ, இல்ல அவன்."

"அவன்தான் இல்லையே ஸ்கிப்."

"அதான்டா பிரச்சன. உங்கிட்டத் தப்பு கண்டுபிடிக்க முடியுது."

லோனி அன்றிலிருந்து எல்லாருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்தான். முகாமில் அவன் பந்தைப் பிடிப்பவன் செக்கி. டொமினிக்கன் நாட்டுக்காரன், குத்துக்கால் போட்டு உட்கார்ந்தே வாழ்க்கையில் பாதியைக் கழித்துவிட்ட கேட்சர்.

"கிழவா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றான் செக்கி, பந்தைத் திருப்பி எறிந்தபடி. "நேத்து அவன் பந்தப் பிடிச்சேன்."

"எவன் பந்த?"

"உன் பக்கத்து அலமாரிக்காரன். ஆல்காட் சார் அர மணி நேரம் உக்காருன்னார். உக்காந்தேன். ஒன்னும் வரல. பந்துல கட்டுப்பாடு எப்படின்னு கேட்டார். ஒன்னுகூட வெளிய போகல சார்னு சொன்னேன்."

"டேய், நீயுமாடா?"

"கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன். எனக்கு மூணு பசங்க லோனி. மூத்தவனுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டணும்." அடுத்த பந்தைப் பிடித்துவிட்டு, "ஆனா ஒன்னு. உன் பந்தப் பிடிச்சா கை வலிக்குது. அவன் பந்து வலிக்கல," என்றான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள லோனி முயன்று பார்த்தான்.

முகாமின் கடைசி வாரம் பல் மருத்துவ மாணவர்கள் மறுபடி ஆட வந்தார்கள். எட்டாவது சுற்றில் லோனி இறங்கினான். நன்றாகத்தான் எறிந்தான். வாய் சுத்தம் பற்றித் தேர்வு எழுதிவிட்டு நேராக வந்திருந்த ஒரு மாணவன், ஒரு பந்தை வேலிக்கு அப்பால் இருந்த குளத்துக்குள் அடித்தான். முதலை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூழ்கியது.

ஒன்பதாவது சுற்றை மாற்றாளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். வாயிற்கதவு திறந்தது. இசை ஒலித்தது. யாரும் வரவில்லை. பந்து எறியும் மேட்டைச் சுற்றி எட்டுப் படகோட்டிகளும் அவரவர் இடத்தில் நின்றார்கள். மட்டையோடு வந்த மாணவன் வெறும் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நடுவர் ஆல்காட்டைப் பார்த்தார். ஆல்காட் மடிக்கணினியைப் பார்த்தார். பிறகு பலகையில் முடிவு வந்தது. மாணவர்களுக்கு ஓர் அடி, ஓட்டம் எதுவும் இல்லை. திரு. ஸ்டாட்ஃபர்ட் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் மற்றவர்களும் எழுந்தார்கள். ஆட்டம் தோற்றது லோனி விட்ட ஓட்டங்களால் என்று பதிவாயிற்று.

மறுநாள் காலை ஃபிட்ஸ் வந்து, ஸ்கிப் கூப்பிடுகிறார் என்றான். முகாமின் கடைசி வாரத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். ஸ்கிப் அறையில் ஆல்காட்டும் இருந்தார்.

"உங்கள நாங்க நீக்கல லோனி," என்றார் ஆல்காட். "ஓர் ஒப்பீடு முடிவுக்கு வருது, அவ்வளவுதான். உங்க பங்களிப்ப இந்தத் துறை மறக்காது. நீங்க இல்லன்னா அந்தப் படத்துல கோட்டுக்குக் கீழ அவ்வளவு தூரம் இருக்குன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"நன்றி சார்," என்றான் லோனி. அப்படித்தான் சொல்ல வந்தது.

ஸ்கிப் விதைப் பொட்டலத்தை நீட்டினார். லோனி கொஞ்சம் எடுத்துக்கொண்டான்.

டார்லாவைக் கார் நிறுத்துமிடத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான்.

"உன் இடத்துல யாரப் போட்டாங்க?"

"ஒருத்தன."

"சின்னப் பையனா?"

"இருபத்தேழுன்னு வச்சிருக்காங்க."

"வச்சிருக்காங்களா? ரொம்ப வேகமா எறிவானோ?"

"இல்ல. எறியறதே இல்ல."

"சரி, வா," என்றாள். "அப்பா உன்ன மாடிப்படி விரிப்புப் பக்கம் போடலாம்னு இருக்கார். அது கொஞ்சம் கஷ்டமான பக்கம்தான். உன் மேல நம்பிக்கை இருக்காம்."

டேட்டனில் பேட்ஜ் அவனுக்குச் சரியாகப் பொருந்தியது. ஒரு வீட்டு மாடிப்படியை அளந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆல்காட்.

"ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல் லோனி. லீக் தலைமையகத்துல, பருவம் தொடங்கினா மேட்டு மேல யாராவது ஒருத்தர் நிஜமாவே நிக்கணும்கறாங்க. பழைய விதி. மேல்முறையீடு பண்ணியிருக்கோம். அதுவரைக்கும் மாற்றாளுக்கு ஒரு மாற்று ஆள் தேவப்படுது."

"என்ன மாதிரி ஆள் சார்?"

"எப்போ கூப்பிட்டாலும் வரணும். குறைந்தபட்சச் சம்பளம். பெருசா எதுவும் செய்யக் கூடாது. கணினியில தேடினோம். ஒரே ஒரு பேர்தான் வந்துச்சு."

லோனி அளவுநாடாவின் நுனியைக் காலால் மிதித்துப் பிடித்திருந்தான்.

"நீங்க நீங்களா வர்ற மாதிரி இல்ல," என்று ஆல்காட் விளக்கினார். "நீங்களா வந்தா மைனஸ். அவனா வந்தா பூஜ்யம். உங்க வாழ்க்கையிலேயே சிறந்த பருவம் இதுதான். ரெண்டே நிபந்தனை. ரசிகர்கள் கையெழுத்து கேட்டா வெறும் பந்தாவே திருப்பிக் கொடுத்துடணும். அப்புறம், அவனவிட நல்லா எறியக் கூடாது. வர்ற பருவத்துக்கு நாப்பத்தெட்டுன்னு மதிப்பீடு அச்சாகிடுச்சு. நீங்க அத மீறிட்டா துறையோட நம்பகத்தன்மை போயிடும்."

"மீற மாட்டேன் சார்."

"தெரியும். அதனாலதான் கூப்பிட்டோம்."

அன்றிரவு சாப்பிடும்போது டார்லாவிடம் சொன்னான். அவள் கேட்டதெல்லாம், "சட்டையில உன் பேர் இருக்குமா?" என்பதுதான்.

"இல்ல."

"அணியில இருப்பியா?"

"இருப்பேன்."

"அப்ப போயிட்டு வா," என்றாள். மாமனார் பேட்ஜைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. இருக்கட்டும் என்றார்.

பருவத்தின் முதல் நாள் போர்ட் வால்டனில் ஏரிக்காற்றோடு பொடிப்பனி விழுந்தது. ஆனாலும் அரங்கம் நிறைந்திருந்தது. பூஜ்யம் போட்ட சட்டைதான் அந்த நகரத்தில் அதிகம் விற்ற சட்டை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் குடும்பம் குடும்பமாக வாங்கியிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் உரிமையாளர் பேசினார்.

"ரொம்ப வருஷமா இந்த ஊருக்கு நான் ஒரு வாக்குறுதி கொடுத்துட்டு வந்தேன். இந்த வருஷம் அத நிறைவேத்திட்டேன். மற்ற அணிகள் கோடி கோடியா கொட்டி நட்சத்திரங்கள வாங்குது. நான் உங்களுக்காக யாரையும் வாங்கல."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

எட்டாவது சுற்றில், ஒன்பது ஓட்டம் பின்தங்கியிருந்தபோது, ஸ்கிப் கையைக் காட்டினார். பிட்சர்கள் காத்திருக்கும் வேலியடைப்பின் கதவு திறந்தது. மேலங்கி போட்டுக்கொண்டு லோனி ஓடி வந்தான். அவன் வரும்போது யாரும் கார் நிறுத்துமிடத்துக்குப் போகவில்லை. முப்பத்தேழாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அப்படி ஒன்று அவனுக்கு நடந்ததில்லை. ஏதாவது தோன்றுகிறதா என்று ஓடிக்கொண்டே பார்த்தான். காற்றில் காது மரத்திருந்தது, அது மட்டும் தெரிந்தது. மூன்றாவது பேஸ் பக்கத்து இருக்கை வரிசையில் டார்லா நின்றுகொண்டிருந்தாள். அவளும் கைதட்டினாள். யாருக்குத் தட்டுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

செக்கி மேட்டுக்கு வந்து பந்தைக் கையில் கொடுத்தான். "வா கிழவா. நீ இல்லாம கை குணமாயிடுச்சு."

ஒலிபெருக்கி, பத்திரிகையில் வந்த வாக்கியத்தை அப்படியே படித்தது. "தன் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த உடற்கட்டோடு, இதோ, படகோட்டிகளின் பூஜ்யம்."

மேலங்கியோடு பந்து எறியக் கூடாது என்றார் நடுவர். லோனி அதைக் கழற்றி ஃபிட்ஸிடம் கொடுத்தான். அரங்கத்தின் பெரிய திரையில் அவன் உருவம் முழுதாக விழுந்தது.

கூட்டி வகுத்துத் தைத்த சட்டையின் கடைசி இரண்டு பொத்தான்கள் வயிற்றின் மேல் பூட்ட எட்டவில்லை.